பழைய காரின் என்ஜினுக்கு அதன் சொந்த நிறம்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பழைய கார் திருத்துகிறவர்கள் உடலின் நிறத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பொனட்டைத் திறந்தால் உள்ளே என்ஜின் தலை முதல் கால் வரை வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கும். அந்த வெள்ளிப் பூச்சின் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே மொரிஸ் மைனரை அதிகம் எடுத்துப் பேசியிருக்கிறேன், இந்த ஊரில் அதிகம் பிழைத்திருக்கும் பழைய கார்களில் அது ஒன்று என்பதால். வழிமுறை எந்தக் காருக்கும் பொருந்தும்.

என்ஜினுக்கென்று தனி நிறம் உண்டா?

உண்டு. தொழிற்சாலையில் என்ஜின் பூட்டி முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க எனாமல் அடித்தார்கள். எந்த நிறம் என்பதை நிறுவனம் தீர்மானித்தது. வாங்குபவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. கார் சிவப்பானாலும் நீலமானாலும் உள்ளே இருப்பது அந்த நிறுவனத்தின் நிறம்தான்.

என் காருக்கு எது சரியான நிறம்?

பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன் (பி.எம்.சி.) நிறுவனத்தின் ஏ-வரிசை என்ற சிறிய என்ஜின் போட்ட மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ35, ஆரம்பகால மினி ஆகியவற்றில் பச்சை. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் கருஞ்சிவப்பு, எம்.ஜி.பி.யின் முதல் ஆண்டுகளிலும் அதே சாயல், பிறகு கறுப்பு. ஜாகுவார் மார்க் 2 கார்களில் சிலிண்டர் ஹெட்டுக்கு (என்ஜினின் மேல் பகுதிக்கு) மட்டும் நீலம் பூசினார்கள், 2.4, 3.4, 3.8 லீட்டர் என்று கொள்ளளவுக்கு ஏற்ப அந்த நீலமும் மாறும். மலையகத் தோட்டங்களில் ஓடித் தேய்ந்த பழைய லாண்ட் ரோவர்களில் வாத்து முட்டை ஓட்டின் வெளிர் பச்சை நீலத்தைக் காணலாம். வொக்ஸ்வாகன் பீட்டிலின் கதை வேறு. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

இவை எல்லாம் திசை காட்டுவதற்கு மட்டும். "பச்சை" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஆண்டுக்கு ஆண்டு, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அந்தப் பச்சை கொஞ்சம் கருமையாகவும் கொஞ்சம் வெளிறியும் வந்திருக்கிறது. உங்கள் என்ஜினில் எந்தப் பச்சை என்பதை அந்த என்ஜினிடம்தான் கேட்க வேண்டும்.

காரில் இருப்பது அதன் பிறவி என்ஜின்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தைத் தேடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. பலர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பிறகு குழம்புகிறார்கள்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்தது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய கார் வாங்குவதும் உதிரிப்பாகம் தேடுவதும் எல்லோருக்கும் கைகூடும் காரியங்களாக இருக்கவில்லை. அந்தக் காலத்து கராஜ் பாஸ்மார் கிடைத்ததை வைத்துக் காரை ஓட வைத்தார்கள். ஒன்றின் புளொக் (என்ஜினின் நடு உடல்), இன்னொன்றின் ஹெட், மூன்றாவதின் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) என்று கலந்து கட்டிய என்ஜின்கள் இன்றும் ஓடுகின்றன. ஆகவே ஒரே என்ஜினில் இரண்டு பச்சைகள் தென்பட்டால் வியக்க வேண்டாம்.

மைனரில் என்ஜின் எண், புளொக்கின் வலப் பக்கத்தில் டைனமோவுக்கு மேலே ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். "ஏ.பி.எச்.எம்." என்று தொடங்கினால் 803 சி.சி.; "9 எம்" என்றால் 1956 இறுதியில் வந்த 948 சி.சி.; "10 எம்.ஏ." என்றால் 1962-க்குப் பிந்தைய 1098 சி.சி. "9 ஏ" என்றிருந்தால் அது ஒஸ்டின் வழி வந்தது. இதைப் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். தகடே இல்லாமல் இரண்டு ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருந்தால், யாரோ எப்போதோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று எண்ண இடமுண்டு.

எண்தகடும் ஓரளவு உதவும். ஈ.எல்., ஈ.என். போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு இருப்பது, எண்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய பதிவு. (அந்த ஸ்ரீயின் மேல் தார் பூசிய 1957-58 போராட்டம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல, கார்களோடு நமக்குள்ள பழைய வண்ணத் தகராறு அது.) அப்படிப்பட்ட எண்தகட்டோடு நிற்கும் மைனரில் 1098 சி.சி. என்ஜின் இருந்தால், அது பிறகு வந்து குடியேறியது என்பதில் சந்தேகமில்லை.

பொனட்டைத் திறந்தால் என்ஜின் பொன்னிறமாக இருக்கிறது. யாரோ விளையாடியிருக்கிறார்களா?

அவசரப்பட்டுச் சுரண்டிவிடாதீர்கள். பி.எம்.சி. நிறுவனமே பழைய என்ஜின்களைத் தொழிற்சாலையில் புதுப்பித்து "கோல்ட் சீல்" என்ற பெயரில் மாற்று என்ஜின்களாக விற்றது. அவற்றுக்குப் பொன்னிறம் பூசினார்கள். "சில்வர் சீல்" என்று வெள்ளி நிறத்திலும் ஒரு வகை இருந்தது. உங்கள் என்ஜினின் ஒளிவு மறைவான மூலைகளில்கூடப் பொன்னிறம்தான் இருந்து, அதற்கடியில் பச்சை எங்குமே இல்லையென்றால், அது கோல்ட் சீல் என்ஜினாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பொன்னிறமும் காரின் வரலாற்றில் ஒரு பகுதி. நானாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வேன். பொன்னிறத்துக்கடியில் பச்சை எட்டிப் பார்த்தால் அது கராஜ் வேலை, தயங்காமல் எடுத்துவிடலாம்.

பழைய நிறம் எங்கே தப்பிப் பிழைத்திருக்கும்?

வெயிலும் சூடும் தூரிகையும் போகாத இடங்களில். டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால் அது புளொக்கோடு ஒட்டியிருந்த இடத்தின் ஓரங்கள், என்ஜின் மவுண்டிங் தகட்டின் அடி, முன்பக்கக் கிராங்க் கப்பியின் (புல்லி) பின்னால் மறைந்திருக்கும் டைமிங் கவர் என்ற தகட்டு மூடி, எண் தகட்டின் விளிம்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். மைனரில் இடப் பக்கம் மனிபோல்ட்டுக்கு (காற்றையும் புகையையும் கடத்தும் குழாய்த் தொகுதிக்கு) கீழே இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. கை நுழைய முடியாத இடம் என்பதால் பின்னால் வந்த பெயின்ட் பாஸ்மார் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். அவர்களுடைய சோம்பல் நமக்கு அதிர்ஷ்டம்.

இன்னொரு புதையல், எண்ணெய் அழுக்கு. ஏ-வரிசை என்ஜின் பின்புறம் ஆயில் கசிவதில் பேர்போனது. சம்ப்பின் அடியில் பல ஆண்டுக் கசிவும் தெருப் புழுதியும் சேர்ந்து தார்போல் இறுகியிருக்கும். மரச்சீவலால் அதை மெல்லப் பெயர்த்து மண்ணெண்ணெயால் துடைத்தால், கீழே சில சமயம் தொழிற்சாலைப் பெயின்ட் அப்படியே இருக்கும். எண்ணெயில் ஊறிக் கொஞ்சம் மஞ்சள் அடித்திருக்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பல அடுக்குப் பூச்சு இருந்தால் 1500-ஆம் இலக்க வோட்டர் பேப்பரை (மிக நுண்ணிய உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்து, ஒரு சிறு வட்டத்தை நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்து இறக்குங்கள். வெட்டிய மரத்தின் வளையங்கள்போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். வெறும் இரும்புக்கோ பிரைமருக்கோ அடுத்த வளையம்தான் நீங்கள் தேடுவது. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். புளொக், டைமிங் கவர், சம்ப் மூன்றிலும் அந்த வளையம் ஒரே நிறமாக இருந்தால் நம்பலாம்.

கராஜில் என்ஜினைக் கோஸ்டிக் சோடாவில் போட்டுக் கழுவித் தருகிறார்கள். அதற்குப் பிறகு நிறம் பார்க்கலாமா?

கூடாது. மாதிரி எடுத்த பிறகே கழுவக் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்து மலிவான கரும்பச்சைகள் பெரும்பாலும் இரண்டு நிறமிகளின் கலவை: பிரஷ்ய நீலமும் ஈயக் குரோமேட் என்ற மஞ்சளும். பிரஷ்ய நீலத்துக்குக் காரம் ஆகாது. கோஸ்டிக் பட்டதும் சிதைந்து பழுப்பாகிவிடும். ஈயக் குரோமேட் மஞ்சளோ காரத்தில் செம்மஞ்சளை நோக்கிப் போகும். ஆக, தொட்டியிலிருந்து வெளியே வரும் என்ஜினில் பெயின்ட் மிச்சமிருந்தாலும் அது பொய்தான் சொல்லும். "என் என்ஜின் முதலில் பழுப்பாகத்தான் இருந்தது" என்று சத்தியம் செய்கிறவர்களில் சிலர் இப்படி ஏமாந்தவர்களாக இருக்கலாம். நீண்ட கால வெப்பமும் இதே திசையில் வேலை செய்யும் என்பதால் எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டை ஒட்டிய இடத்தில் மாதிரி எடுக்கவே வேண்டாம்; அதற்குக் கீழேயுள்ள தகட்டு மூடிகளிலும் தள்ளியிருக்கும் அடிப் பகுதியையே பாருங்கள்.

இன்னொன்று: அலுமினியப் பாகம் எதையும் அந்தத் தொட்டியில் போட விடாதீர்கள். கோஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். அலுமினிய உடல் கொண்ட எஸ்.யூ. கார்புரேட்டரை இப்படி அனுப்பினால் திரும்பி வருவது கார்புரேட்டராக இருக்காது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைத்துத் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள். நனைத்தே தேய்க்க வேண்டும். முகக்கவசமும் கையுறையும் வேண்டும். வழித்தெடுத்ததைத் தோட்டத்தில் கொட்டாமல் டின்னில் அடைத்து அப்புறப்படுத்த வேண்டும். வீட்டு முற்றத்தில் வேலை நடந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மாதிரியைப் பெயின்ட் கடையில் கொடுத்தால் கணினி சரியாகக் கலந்து தராதா?

தரும், நாம் சரியான மாதிரியைக் கொடுத்தால். நிறம் அளக்கும் கருவிக்கு நாணய அளவிலாவது தட்டையான, சுத்தமான இடம் தேவை. வார்ப்பிரும்பு புளொக்கின் சொரசொரப்பில் வைத்தால் மேடுபள்ளத்தின் நிழலையும் சேர்த்தே அளக்கும். வரும் விடை கருமையாக இருக்கும். அதனால் டைமிங் கவர், பக்கத் தகட்டு மூடி போன்ற அழுத்தித் தயாரித்த தகட்டுப் பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். மாதிரி இடத்தைக் கட்டிங் பேஸ்ட்டால் மெல்லத் துடைத்து, மங்கிய மேல் தோலை நீக்கியிருக்க வேண்டும்.

கருவியின் விடையும் ஒரு தொடக்கம்தான். நல்ல கலவைக்காரர் முதலில் சிறிதளவு கலந்து ஒரு தகட்டில் அடித்துக் காட்டுவார். டின்னுக்குள் இருக்கும் ஈரப் பெயின்டை மாதிரியோடு ஒப்பிட்டு "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். காய்ந்த பின் நிறம் மாறும். தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் காய விட்டு, பகல் வெளிச்சத்தில் நிழலான இடத்தில் மாதிரியின் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். கடையின் டியூப் லைட்டில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்த இரண்டு பச்சைகள் வெளியே வந்தால் அந்நியராகிவிடும். நிறமிகள் வேறுவேறாக இருந்தால் ஒளிக்கு ஒளி இப்படி மாறுவது இயல்பு. இன்றைய கலவைகளில் ஈயக் குரோமேட்டைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள் என்பதால் எல்லா ஒளியிலும் நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள்.

நிற எண் ஒன்று கொடுத்தால் இத்தனை பாடு வேண்டியதில்லையே?

பிரித்தானியக் கார்களுக்கு பி.எஸ். 381 சி என்ற பிரித்தானிய நிறத் தர அட்டவணை கைகொடுக்கும். அதில் 225 இளம் பிரன்ஸ்விக் பச்சை, 226 நடுத்தரப் பிரன்ஸ்விக் பச்சை, 227 கரும் பிரன்ஸ்விக் பச்சை. ஏ-வரிசைப் பச்சையைத் தேடுகிறவர்கள் 226-ஐக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கி, மாதிரியைப் பார்த்துக் கருமையையோ மஞ்சளையோ கூட்டிக் குறைக்கலாம். எண்ணை மட்டும் சொல்லி ஒரு லீட்டர் கலந்துவிட்டு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையத்தில் உள்ள படங்களைப் பார்த்துக் கலக்கலாமா?

முடியாது. கமராவும் திரையும் ஆளுக்கொரு பச்சை காட்டும். எந்தப் பாகத்தில் பெயின்ட் இருந்தது, எதில் இல்லை என்று அறிவதற்குப் படங்கள் நல்லவை.

எந்த வகைப் பெயின்ட் வாங்குவது? சூடு தாங்குமா?

பலர் பயப்படும் அளவுக்கு என்ஜினின் வெளித்தோல் கொதிப்பதில்லை. தண்ணீரால் குளிரும் புளொக்கின் வெளிப்புறம் ஏறக்குறைய தண்ணீரின் கொதிநிலைச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். நல்ல செயற்கை எனாமல் அதைத் தாங்கும். தொழிற்சாலையும் எனாமலைத்தான் அடித்தது. என்ஜினுக்கென்றே விற்கும் எனாமல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஸ்ப்ரே டின்களில் வரும் ஆயத்த நிறங்களில் உங்கள் பச்சை இருக்குமா என்பது அதிர்ஷ்டம்.

ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் டூ-கே பெயின்ட் பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் அசையாது. ஆனால் அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று ஊட்டும் முகக்கவசம் இல்லாத இடத்தில், சாதாரணத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அதை அடிக்கக் கூடாது. வீட்டில் செய்கிறவர்களுக்கு என் பதில்: எனாமல் போதும்.

எக்ஸோஸ்ட் மனிபோல்ட் தனி உலகம். அங்கே எனாமல் சில நிமிடங்களில் புகைந்து கருகும். அதை வெறும் வார்ப்பிரும்பாகவே விட்டுவிடலாம்.

எதையெல்லாம் பூசக் கூடாது?

எஸ்.யூ. கார்புரேட்டரின் அலுமினிய உடலைப் பூசக் கூடாது. மனிபோல்ட் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ரப்பர் குழாய்கள், ஸ்பார்க் பிளக், வயர் எல்லாவற்றையும் ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள்.

ஆனால் ஒரு எல்லை வரை அசுத்தமும் உண்மைதான். தொழிற்சாலையில் என்ஜினைப் பூட்டிய பிறகு பெயின்ட் அடித்ததால், போல்ட் தலைகள், கேஸ்கட்டின் வெளி ஓரம், வாஷர்கள் எல்லாவற்றின் மேலும் பச்சை படிந்தே வந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் தனியே பளபளக்க வைத்துப் பூட்டுவது அழகாகத்தான் இருக்கும். அந்தக் காருக்குரியதாக இருக்காது. ஆகவே புளொக், ஹெட், சம்ப், டைமிங் கவர் ஆகியவற்றைப் பூட்டி முடித்து, ஓட்டைகளை அடைத்து, மொத்தமாக அடியுங்கள்.

பீட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன நிறம்?

உங்களுக்குச் செலவு குறைவு. பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. சிலிண்டர் ஹெட்கள் அலுமினியம். காற்றால் குளிரும் என்ஜின் என்பதால் அதன் செதில்களில் தடித்த பெயின்ட் பூசுவது வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். அவற்றைச் சுத்தம் செய்து வெறுமையாக விடுங்கள். விசிறியை மூடும் தகட்டுக்கும் சுற்றியுள்ள தகடுகளுக்கும் கறுப்பு அடியுங்கள்.

மைனரில் ஜப்பான் டீசல் என்ஜின் போட்டிருக்கிறது. அதற்குப் பச்சை அடிக்கலாமா?

சட்டப்படி யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எதற்கு? டீசலுக்கு அதன் நிறமே இருக்கட்டும். மூல என்ஜின், பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலோ யாருடைய கொட்டகையிலோ கிடைக்கும் நாளில் பச்சையைப் பற்றி யோசிக்கலாம். என்ஜினை மாற்றினால் எண் மாறும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கொழும்பில் எந்த நேரத்தில் பெயின்ட் அடிப்பது நல்லது?

ஜனவரி, பெப்ரவரியில். மழை குறைந்த மாதங்கள் அவை. ஏப்ரல் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை ஓயும் வரையும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் காற்றில் தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் அடித்தே ஆக வேண்டுமென்றால் மழையில்லாத நாளாகப் பார்த்து, காலைப் பனி விலகிய பின் தொடங்கி மாலைக்கு முன் முடியுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. சுரண்டி வெறுமையாக்கிய வார்ப்பிரும்பு ஒரே இரவில் செம்மண் பூசியதுபோல் துருவேறிவிடும். சுத்தம் செய்த அன்றே, தின்னரால் துடைத்து, வெறுங்கை படாமல் பிரைமர் அடித்துவிடுங்கள். விரல் வியர்வையும் உப்புத்தான்; அது பட்ட இடத்தில் பின்னால் கொப்பளம் வரும். கம்ப்ரசரின் டாங்கியில் தேங்கும் தண்ணீரை வேலைக்கு முன் திறந்துவிடுங்கள், குழாயில் நீர்ப்பிடிப்பான் பூட்டுங்கள். பெயின்டில் வரும் மீன்கண் போன்ற குழிகளுக்குப் பலர் பெயின்டைத் திட்டுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அந்தக் குழாய்க்குள் ஓடும் நீரும் எண்ணெயும்.

பிரைமரின் நிறத்தையும் கவனியுங்கள். மெல்லிய பச்சைக்கடியில் சிவப்பு ஒக்சைட் பிரைமர் இருந்தால் பச்சை பழுப்புச் சாயல் காட்டும். சோதனைத் தகட்டில் எந்தப் பிரைமரை அடித்தீர்களோ அதையே என்ஜினிலும் அடிக்க வேண்டும்.

எவ்வளவு பளபளப்பு இருக்கலாம்?

உடலுக்கு அடிக்கும் அளவுக்கு வேண்டாம். மேலே கிளியர் கோட் அடிக்கவே வேண்டாம். அரைப் பளபளப்பு போதும். கொஞ்ச நாள் ஓடிய பின் சூடும் எண்ணெய்த் துணியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மீதமாகும் பெயின்டை என்ன செய்வது?

காற்றுப் புகாத சிறிய டின்னில் நிரம்ப ஊற்றி மூடுங்கள். பெரிய டின்னில் பாதியாக விட்டால் மேலே தோல் கட்டும். கடை கொடுத்த கலவை அளவுத் துண்டைப் படம் எடுத்து வைப்பதோடு, டின்னின் மேலேயும் ஒட்டுங்கள். கடைக் கணினியில் அது பல ஆண்டு இருக்கும் என்று நம்ப வேண்டாம். சோதனைத் தகட்டின் பின்புறம் பிரைமரின் பெயரையும் தேதியையும் எழுதி, டின்னோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த முறை டைனமோ பிராக்கெட்டைக் கழற்றும்போது ஸ்பனர் வழுக்கிப் புளொக்கைக் கீறும். தொட்டுப் பூச அந்த டின் தேவைப்படும்.